ரெயின்போ மீன் தொட்டி: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

ரெயின்போ என்ற வண்ண நன்னீர் மீன்களை வளர்ப்பவர்களுக்கானது இது. மீன் ஒன்று சோர்ந்து நின்றால் கை தானாக மருந்து பாட்டிலுக்குப் போகும். அதைத் திறப்பதற்கு முன் தொட்டிக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். கோளாறு ஒரு மீனுக்கா, எல்லா மீனுக்குமா? சில மணி நேரத்தில் வந்ததா, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வந்ததா?

எல்லா மீனும் ஒரே நேரத்தில் மாறியிருந்தால் அநேகமாகத் தண்ணீரில்தான் கோளாறு. ஒன்றில் தொடங்கி நாலைந்து நாளில் அடுத்தடுத்த மீன்களுக்கும் வந்தால் தொற்று. ஒரே ஒரு மீன், அதுவும் வாரக்கணக்கில் என்றால், ஒன்று மற்ற மீன்கள் அதை ஒதுக்கி விரட்டுகின்றன, இல்லையென்றால் அதன் உடலுக்குள் நோய் இருக்கிறது. ரெயின்போ தொட்டிகளில் வரும் புகார்களில் பெரும்பாலானவை முதல் வகைதான் என்பது என் அனுபவம். அவற்றுக்கு மருந்தே வேண்டாம்.

அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில-கார அளவு), கேஎச் (பிஎச் சரியாமல் தாங்கும் கார்பனேட் அளவு) ஆகியவற்றை அளக்கும் டெஸ்ட் கிட், தெர்மாமீட்டர், குளோரின் நீக்கி, எதுவும் கலக்காத உப்பு, ஸ்பான்ஜ் ஃபில்டரோடு ஒரு சின்னத் தனித்தொட்டி. இவை வீட்டில் இருந்தால் கீழே வரும் பெரும்பாலான சிக்கல்களைச் சமாளித்துவிடலாம்.

நிறமே இல்லை, அல்லது இருந்த நிறம் மங்கிவிட்டது

இந்த ஒரு புகாருக்குள் நாலு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன.

மீன் இன்னும் 4, 5 சென்டிமீட்டர்தான் என்றால் காத்திருங்கள். போஸ்மனி, டர்காய்ஸ், ரெட் ரெயின்போ ஆகிய வகைகள் எல்லாமே குஞ்சாக இருக்கும்போது வெறும் வெள்ளி நிறம். போஸ்மனியின் முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சும் முழுதாக ஏறுவதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். கடையில் பக்கத்துத் தொட்டியில் பளபளக்கும் வேறு மீன்களைப் பார்த்துவிட்டு இதை ஒதுக்குகிறவர்கள்தான் அதிகம்.

வாங்கும்போது நிறத்தோடு இருந்த மீன் வீட்டுக்கு வந்ததும் வெளுத்துப்போனால் அது பயம். ஒரு வாரம் விட்டுப் பிடியுங்கள். இருட்டிலிருந்து திடீரென்று விளக்கைப் போட்டாலும் இப்படி வெளுக்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

மாதக்கணக்கில் மெல்ல மங்கியிருந்தால் அப்புறம்தான் சூழலைப் பார்க்க வேண்டும். ஆண் மீன் நிறம் காட்டுவது பெண்ணைக் கவரவும் இன்னொரு ஆணை மிரட்டவும். இரண்டுமே இல்லாத தொட்டியில் அது நிறம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளை மணலும் பின்னணி ஒட்டாத வெறும் கண்ணாடியும் நிறத்தை இன்னும் வெளுக்க வைக்கும். அடர்நிற மணல், பின்பக்கம் ஒரு கறுப்புத் தாள், ஸ்பைருலினா என்ற பாசியும் இறால் வகைகளும் கலந்த உணவு, இவ்வளவு போதும். விளக்கைத் தொட்டியின் நடுவிலிருந்து முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி நகர்த்திப் பாருங்கள். ரெயின்போவின் செதில் ஒளியைத் திருப்பி அடிக்கிற வகை. ஒளி நாம் பார்க்கும் பக்கத்திலிருந்து விழுந்தால் அதே மீன் வேறு மீனாகத் தெரியும். செலவில்லாத வைத்தியம் இது.

நாலாவது காரணத்துக்கு மருந்து கிடையாது: கலப்பினம். பெரும்பாலான ரெயின்போக்கள் சேரும் மெலனோடீனியா பேரினத்தின் இனங்கள் ஒன்றோடொன்று எளிதாகக் கலந்துவிடும். பெண் மீன்கள் பல இனங்களில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் யார் யாருக்கு ஜோடி என்று தெரியாமலே தலைமுறைகள் கலந்துபோகின்றன. இரண்டு வயது ஆன பின்னும் நிறம் எடுக்காத போஸ்மனி பெரும்பாலும் அசல் போஸ்மனியாக இருக்காது. குஞ்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு தொட்டியில் ஒரு இனம் மட்டும் வையுங்கள். போஸ்மனி இயற்கையில் வாழ்வது இந்தோனேசியாவின் பப்புவா பகுதியிலுள்ள அயமாரு ஏரிப் பகுதியில் மட்டும்தான்; அங்கே அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமும்கூட. தொட்டிகளிலாவது அசலாக இருப்பது நல்லது.

எல்லா மீனும் மேலே வந்து வாய் திறந்து திறந்து மூடுகின்றன

இதில் மட்டும் யோசிப்பது அப்புறம், செய்வது முதலில். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை முழு வேகத்தில் போடுங்கள்; ஃபில்டர் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு உயர்த்தி மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி செய்யுங்கள். அதன் பிறகு டெஸ்ட் கிட்டை எடுங்கள்.

எந்த நேரத்தில் வந்தது என்பதே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். விடியற்காலையில் மட்டும் என்றால், இரவில் செடிகளும் மீன்களும் சேர்ந்து ஆக்சிஜனைத் தீர்த்திருக்கின்றன, அல்லது செடிகளுக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை இரவில் நிறுத்தவில்லை. தண்ணீர் மாற்றிய சிறிது நேரத்தில் என்றால் குளோரின். வாளியில் ஒரு இரவு வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோரினுக்குப் பதில் சில இடங்களில் கலக்கும் குளோரமின் போகாது. எந்தக் குழாய்த் தண்ணீரில் எது கலந்திருக்கிறது என்று தெரியாதபோது குளோரின் நீக்கி ஊற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மின்சாரம் போய் வந்த பிறகு என்றால் கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்) சந்தேகியுங்கள். பல மணி நேரம் நின்ற ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா செத்திருக்கும். சுவிட்சைப் போட்டதும் அந்த அழுகல் நீர் முழுதும் தொட்டிக்குள் வரும். நீண்ட நேரம் நின்றிருந்தால் ஃபில்டரைத் திறந்து, தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த தண்ணீரில் ஸ்பான்ஜை அலசிவிட்டு ஓட விடுங்கள்.

தொட்டி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் அமோனியாவோ நைட்ரைட்டோதான்; மீன் கழிவிலிருந்து வரும் இவற்றை மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் இன்னும் வளர்ந்திருக்காது. இங்கே ரெயின்போக்காரர்களுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை இருக்கிறது. இந்த மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு 7 முதல் 8 வரை பிஎச் பிடிக்கும். அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும்: அதிகம் தீங்கு செய்யாத அமோனியம், செவுளை எரிக்கும் தனி அமோனியா. பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனால் தனி அமோனியாவின் பங்கு சுமார் 10 மடங்கு ஆகிவிடும். அதனால் அமிலத் தண்ணீர் மீன் வளர்ப்பவர் 'இந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்வதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. டெஸ்டில் அமோனியா தெரிந்தாலே பாதித் தண்ணீரை மாற்றி, தீனியை இரண்டு நாள் நிறுத்திவிடுங்கள்.

நைட்ரைட் என்றால் செவுள் சிவப்பு மாறிப் பழுப்பாகத் தெரியும், ஏர் ஸ்டோன் எவ்வளவு ஓடினாலும் மூச்சிரைப்பு நிற்காது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிட்டது. 10 லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டால், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியே உள்ளே விடாமல் தடுக்கும். தண்ணீர் மாற்றத்துக்கு இது பதில் இல்லை, கூடுதல் துணை.

இதற்கு நேர் எதிரான ஒரு பொறியும் உண்டு. மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத பழைய தொட்டி. கேஎச் தீர்ந்து பிஎச் 6-க்குக் கீழே போயிருக்கும். அதில் அமோனியம் சேர்ந்திருந்தும் மீன்கள் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கும். திடீரென்று நல்லெண்ணம் வந்து பாதித் தண்ணீரை மாற்றினால் பிஎச் ஏறும், அமோனியம் அமோனியாவாக மாறும், அன்று சாயங்காலமே மீன்கள் மிதக்கும். 'சுத்தம் பண்ணினேன், செத்துப்போச்சு' என்று சொல்லப்படும் கதைகளில் பல இதுதான். அப்படிப்பட்ட தொட்டியில் தினமும் 10 சதவீதம் என்று மெதுவாக மாற்றுங்கள். நிலைமை சீரான பிறகு ஃபில்டருக்குள் ஒரு சின்னப் பையில் நொறுக்கிய பவளத் துண்டுகள் போட்டுவைத்தால் கேஎச் இப்படி விழாது.

வெப்பமும் பாருங்கள். 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் இவற்றுக்கு வசதி. 30-ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அதே நேரம் மீனுக்குத் தேவை கூடும்.

டெஸ்ட் எல்லாம் சுத்தம், ஒன்றிரண்டு மீன் மட்டும் ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறு பக்கத்தில் மூச்சு விடுகிறது, கல்லில் உரசுகிறது என்றால் செவுள் புழுக்கள். பிராசிகுவான்டெல் என்ற புழு மருந்து வேலை செய்யும்.

நாள் முழுக்கத் துரத்தல்

காலையில் விளக்கு போட்டு அரை மணி நேரம் நடப்பதை முதலில் கவனித்துப் பழகுங்கள். ஆண் மீன் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து துடுப்புகளை முழுதாக விரிக்கும். அப்போது நெற்றியிலிருந்து முதல் முதுகுத் துடுப்பு வரை ஒரு கோடு, சுவிட்ச் போட்டதுபோல் பளிச்சென்று வெளிறி எரியும், இரண்டு மூன்று நொடியில் அணையும், மறுபடி எரியும். போஸ்மனியில் இது வெண்மையாக, டர்காய்ஸில் பொன்னிறமாக இருக்கும். இரண்டு ஆண்கள் இணையாக நின்று ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி வருவதும் இந்த நேரத்தில்தான். இதெல்லாம் ஆரோக்கியம். இதைச் சண்டை என்று நினைத்து மீனைப் பிரிக்காதீர்கள்.

சண்டை வேறு மாதிரி இருக்கும். தோற்ற மீன் தண்ணீர் மட்டத்தில் ஒரு மூலையில், ஹீட்டருக்குப் பின்னால், துடுப்பை ஒட்டிக்கொண்டு நிற்கும். தீனி போட்டாலும் வராது. துடுப்பு நுனி கிழிந்திருக்கும்.

காரணம் பெரும்பாலும் எண்ணிக்கை. இரண்டு ஆண் மட்டும் இருக்கும் தொட்டிதான் மோசமானது. ஒன்று ராஜா, மற்றது அகதி. ஆறுக்குக் குறையாமல், முடிந்தால் எட்டு பத்து வையுங்கள். ஒரு ஆணுக்கு ஒன்றிரண்டு பெண். கோபம் பலர்மேல் பிரிந்து போகும். அடுத்தது நீளம். 10 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் இனங்களுக்கு 4 அடித் தொட்டி குறைந்தபட்சம். உயரமான தொட்டியால் பயனில்லை. இவை நீந்துவது கிடைமட்டமாக. ப்ரீகாக்ஸ் என்ற நியான் குள்ள ரெயின்போவுக்கு 3 அடி போதும். பின்பக்கம் அடர்த்தியாகச் செடி, நடுவில் நீந்த வெட்டவெளி.

பெண் எது என்று தெரியவில்லை என்றால் இரண்டாவது முதுகுத் துடுப்பைப் பாருங்கள். ஆணுக்குப் பின்நுனி கூராக நீண்டிருக்கும், பெண்ணுக்கு உருண்டு குட்டையாக இருக்கும். வளர்ந்த ஆணின் உடல் பக்கவாட்டில் தட்டாகி அகலமாகும். வயதான ஆணுக்குத் தலை சின்னதாகவும் முதுகு மேடாகவும் தெரிவது நோய் இல்லை, அது அப்படித்தான்.

த்ரெட்ஃபின் ரெயின்போவைப் பெரிய ரெயின்போக்களோடு சேர்த்து வைத்திருந்தால் வேறு வைத்தியம் தேட வேண்டாம், பிரித்துவிடுங்கள். அதன் வாய் மிகச் சின்னது. மற்றவை தின்று முடித்த பின்தான் அதற்குத் தீனி தெரியும்.

வாயில் வெண்மை

ரெயின்போ பயந்தால் நேர்கோட்டில் அம்புபோல் பாயும், கண்ணாடியில் மோதும். உதடு தோல் உரிந்து வெளுத்திருக்கும். இரண்டு ஆண்கள் வாயைக் கவ்விக்கொண்டு இழுத்த பிறகும் இப்படியே. ஓரம் தெளிவாக, அளவு மாறாமல் இருந்தால் சுத்தமான தண்ணீரும் ஒரு வாரமும் போதும். இரவில் விளக்கைத் திடீரென்று அணைக்காமல், அறை விளக்கை முதலில் போட்டுவிட்டுத் தொட்டி விளக்கை அணைத்தால் மோதல் குறையும்.

ஆனால் அந்த வெண்மை சாம்பல் கலந்து, ஓரத்தில் மஞ்சள் படிந்து, ஒரே நாளில் பெரிதாகிறதா? முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சேணம் போட்டது மாதிரி ஒரு வெளிர்ப் பட்டை தெரிகிறதா? அது காலம்னாரிஸ். பஞ்சு மாதிரி இருப்பதால் பூஞ்சை என்று நினைத்துப் பூஞ்சை மருந்து ஊற்றி நாளை வீணாக்குகிறார்கள், இது பாக்டீரியா. வெப்பத்தில் இன்னும் வேகமாகப் பரவும், அதனால் ஹீட்டரை ஏற்றவே கூடாது. மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். கனமைசின், நைட்ரோஃபியூரசோன் போன்ற மருந்துகள் இதற்குப் பயன்படுத்தப்படுபவை. பல நாடுகளில் கால்நடை மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் கிடைக்கும். நேரம் முக்கியம். வேகமான வகை வந்தால் இரண்டு நாளில் முடித்துவிடும்.

உடலெங்கும் புள்ளிகள்

உப்புக்கல் அளவில், எண்ணிவிடலாம் போலத் தெரிந்தால் வெள்ளைப் புள்ளி நோய். மாவு தூவியது போல, டார்ச் அடித்தால் பொன்னிறமாக மின்னினால் வெல்வெட். முன்னதற்கு வெப்பத்தை மெதுவாக 29, 30 டிகிரிக்கு ஏற்றி, காற்றையும் கூட்டி, லிட்டருக்கு 2 கிராம் உப்பை இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து விடலாம். ரெயின்போ உப்பைத் தாங்கும். செடிகள் சிலவும் கேட்ஃபிஷ் சிலவும் தாங்காது. தோலுக்குள் புதைந்திருக்கும் புள்ளியை எந்த மருந்தும் தொடாது, நீரில் நீந்தும் கட்டத்தில்தான் கிருமி சாகும். அதனால் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். வெல்வெட்டுக்கு அதற்கென்ற மருந்தோடு தொட்டியை இருட்டாக்குங்கள். அந்தக் கிருமி ஒளியிலிருந்தும் உணவு எடுக்கும். செம்பு கலந்த மருந்து ஊற்றினால் இறாலும் நத்தையும் போய்விடும்.

மெலிந்துகொண்டே போகிறது, புண் வருகிறது, முதுகு வளைகிறது

தின்றும் மெலிகிறது என்றால் முதலில் மலத்துவாரத்தைப் பாருங்கள். சிவப்பு நூல்போல இரண்டு மூன்று நீட்டிக்கொண்டு, மீன் நகரும்போது உள்ளிழுத்துக்கொண்டால் கமலானஸ் புழு. லெவமிசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்து, செத்த புழுக்களை அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கழிவு வெள்ளையாக நூல் நூலாக வந்தால் குடல் ஒட்டுண்ணி இருக்கலாம், சும்மா பட்டினியாகவும் இருக்கலாம். தீனி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மருந்துக்குப் போங்கள். ரெயின்போவின் வாய் பெரிதாகத் தெரிந்தாலும் தொண்டை குறுகல். பெரிய பெல்லட்டை (உருண்டைத் தீனி) கவ்விவிட்டுத் துப்புகிற மீன் நோயாளி இல்லை, அதற்குச் சின்ன பெல்லட் வேண்டும்.

புழு இல்லை, தீனியும் கிடைக்கிறது, ஆனாலும் மாதக்கணக்கில் மெலிகிறது. செதில் உதிர்ந்து ஆறாத புண் வருகிறது. நன்றாக இருந்த முதுகு வளைகிறது. சில வாரத்துக்கு ஒன்று என்று மீன்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. இது சேர்ந்து வந்தால் மைக்கோபாக்டீரியம், வழக்கில் மீன் டிபி. ரெயின்போக்களிடம் இது அடிக்கடி வருவது வளர்ப்பவர்கள் எல்லாரும் அறிந்ததுதான். உறுதி செய்வதற்குச் செத்த மீனின் உறுப்பை ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். நம்பகமான சிகிச்சை கிடையாது, பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும்.

செய்யக்கூடியது பரவலைக் குறைப்பது. புண்ணோடு இருக்கும் மீனை உடனே எடுத்துவிடுங்கள். செத்ததை மற்றவை கொத்தித் தின்ன விடாதீர்கள், தொற்று அப்படித்தான் வேகமாகப் போகும். கூட்டத்தைக் குறையுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள், முடிந்தால் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு போடுங்கள். அந்தத் தொட்டியின் மீனையோ செடியையோ யாருக்கும் கொடுக்க வேண்டாம். வலை, குழாய் போன்றவற்றை நன்றாகக் கழுவிக் காயவைத்து 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். இந்தக் கிருமிக்குக் குளோரின் லேசில் அசராது.

இது மனிதருக்கும் வரும். கையில் கீறலோடு தொட்டிக்குள் கைவிட்டால், சில வாரம் கழித்து அந்த இடத்தில் ஆறாத முடிச்சு கிளம்பலாம். நீண்ட கையுறை போடுங்கள். வாயால் குழாயை உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். முடிச்சு வந்தால் மருத்துவரிடம் 'மீன் தொட்டி வைத்திருக்கிறேன்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமலே போகலாம்.

வயிறு உப்பல்

பெண், சுறுசுறுப்பு, தீனி எடுக்கிறது: முட்டை. எல்லா மீனும் குண்டு: நீங்கள்தான் காரணம், தீனியைப் பாதியாக்கி வாரம் ஒரு நாள் பட்டினி போடுங்கள், ரெயின்போ எப்போதும் பசித்த முகத்தோடுதான் வரும். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன என்றால் டிராப்ஸி. சிறுநீரகம் போய்விட்டது என்று அர்த்தம், பிழைப்பது அரிது.

காலையில் தரையில் ஒரு மீன்

குதித்துவிட்டது. தொட்டிக்கு முழுதாக மூடி போடுங்கள், குழாய் நுழையும் இடைவெளி உட்பட.

முட்டை இடுகிறது, குஞ்சு மட்டும் இல்லை

ரெயின்போ ஒரே நாளில் மொத்தமாக இடாது. தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசியிலோ கம்பளி நூல் கொத்திலோ ஒட்டிவிட்டுப் போகும். முட்டையில் மெல்லிய நூலிழை இருப்பதால் விரலால் தொட்டால் பிசுபிசுவென்று கூடவே வரும். நூல் கொத்தை வாரம் ஒருமுறை எடுத்துத் தனித்தொட்டியில் போட்டால் பெரியவை தின்னாது. 7 முதல் 10 நாளில் பொரிக்கும். வெள்ளையாகப் போன முட்டையில் பூஞ்சை வரும், எடுத்துவிடுங்கள். எல்லாமே வெள்ளையாகப் போனால் ஆண் இல்லை அல்லது ஆண் இன்னும் சின்னது.

பொரித்த குஞ்சுகள் மூன்றாம் நாள், நான்காம் நாள் காணாமல் போனால் அது பட்டினி. பொரித்ததுமே ஆர்ட்டீமியா என்ற குட்டி இறால் குஞ்சுகளைக் கொடுக்கிறார்கள். அந்த வாய்க்கு அது பெரிது. முதல் ஒன்றிரண்டு வாரம் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்களும் மிக நுண்ணிய தூள் தீனியும்தான். குஞ்சுகள் நீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே இருக்கும், அடிக்குப் போன தீனியைத் தேடாது. அதனால் மிதக்கிற தீனியாக, நாளுக்கு நாலைந்து முறை, ஊசிமுனை அளவு. மீதியானது தண்ணீரைக் கெடுக்கும் என்பதால் ஒன்றிரண்டு நத்தைகளை உள்ளே விடலாம்.

வளர்ச்சி ஒரே சீராக இருக்காது. பெரியவை சின்னவற்றை விரட்டித் தீனியைப் பிடுங்கும், அதனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அளவு பார்த்துப் பிரித்துவிடுங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றும்போது பெரியதையே பொறுக்கி எடுக்காமல் நடுத்தர அளவிலும் சிலவற்றைச் சேருங்கள். ஆண்கள்தான் பெரிதாக வளரும் என்பதால், அளவை மட்டும் பார்த்தால் எடுத்ததெல்லாம் ஆணாக அமைந்து மறுபடி துரத்தலில் போய் நிற்கும்.